ஸ்கேன் படத்தின் இழையமைப்பும் கட்டியின் உயிரியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஆகிய ஸ்கேன்களில் ஒரு கட்டி காட்டும் தோற்றத்தை எண்களாக மாற்றி, அந்த எண்களைக் கொண்டு கட்டியின் இயல்பை அறிய முயலும் துறைக்கு ரேடியோமிக்ஸ் என்று பெயர். 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் வழியே இந்தப் பெயர் நிலைபெற்றது. மருத்துவ மாணவர்களும், கணினித் துறையிலிருந்து இந்தப் பக்கம் வருபவர்களும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஸ்கேன் படத்தில் இழையமைப்பு என்பது எது?

ஸ்கேன் படம் வோக்சல் எனப்படும் சிறு கன அலகுகளால் ஆனது. ஒவ்வொரு வோக்சலுக்கும் ஓர் எண் உண்டு. சி.டி. ஸ்கேனில் இந்த எண் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் அமைகிறது. அதில் தண்ணீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு −1000. இரண்டு கட்டிகளின் சராசரி மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும், ஒன்றில் வெளிறிய வோக்சல்களும் கருத்த வோக்சல்களும் அடுத்தடுத்துச் சிதறிக் கிடக்கலாம். மற்றொன்றில் வெளிறியவை விளிம்பிலும் கருத்தவை நடுவிலும் திரண்டிருக்கலாம். எண்கள் அதே எண்களாக இருக்க, அவை எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்பது மட்டும் வேறுபடுகிறது. இந்த அமைவையே இழையமைப்பு என்கிறோம். கதிரியக்க மருத்துவர் தம் அறிக்கையில் ‘சீரற்ற தோற்றம்’ என்று ஒரு சொல்லில் குறிப்பிடுவதும் இதைத்தான்.

அதை எண்ணாக மாற்றுவது எப்படி?

பெரிதும் பயன்படும் வழி 1973ஆம் ஆண்டு ராபர்ட் ஹராலிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த இணைநிகழ்வு அணி ஆகும். முதலில் வோக்சல் மதிப்புகளைச் சில படிநிலைகளாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பிறகு, மூன்றாம் படியிலுள்ள வோக்சலுக்குப் பக்கத்தில் ஐந்தாம் படியிலுள்ள வோக்சல் எத்தனை முறை வருகிறது என்பதைப்போல எல்லா இணைகளையும் எண்ணி ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். அந்த அட்டவணையிலிருந்து மாறுபாடு, ஒருமைத்தன்மை, என்ட்ரோப்பி முதலிய அளவுகள் கணக்கிடப்படுகின்றன. ஒரே மதிப்பு தொடர்ச்சியாக எத்தனை வோக்சல்களுக்கு நீள்கிறது என்பதை எண்ணும் தொடர்நீள அணி 1975இல் வந்தது.

ஹராலிக்கின் கட்டுரை இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது மணற்பாறைகளின் நுண்ணோக்கிப் படங்களிலும், நிலப்பரப்பின் வான்வழிப் படங்களிலும், செயற்கைக்கோள் படங்களிலும்தான். கட்டிகள் எதுவும் அதில் இல்லை. வரலாற்றுச் செய்தியாக மட்டும் இதை நான் சொல்லவில்லை. இந்த அளவுகளுக்குள் உயிரியல் எதுவும் முன்கூட்டியே பொதிந்திருக்கவில்லை என்பதை இது நினைவூட்டுகிறது. என்ட்ரோப்பி அதிகம் என்றால் மதிப்புகள் ஒழுங்கின்றிப் பரவியுள்ளன என்று பொருள்; கட்டி கொடியது என்ற பொருள் அந்த எண்ணுக்குள் இல்லை. அதை வெளியிலிருந்து நிறுவ வேண்டும்.

ஒரு செல்லைவிட வோக்சல் பல மடங்கு பெரியது. பிறகு எப்படி உயிரியல் தெரியும்?

இந்தத் துறையின் மிக நியாயமான கேள்வி இதுதான். ஒரு செல்லின் விட்டம் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனத்துக்குள் பல லட்சம் செல்கள் வரை அடங்கும், வழக்கமான சி.டி. படங்களில் வோக்சலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டர் வரைகூடப் போவதுண்டு. தனிச் செல்லின் வடிவமோ அதன் உட்கருவோ இந்தப் படத்தில் தெரிய வழியே இல்லை.

தெரிவது செல்களின் கூட்டு விளைவு. ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவும் தூரம் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரான் வரைதான். கட்டி வேகமாக வளரும்போது புதிய குழாய்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகின்றன. உருவாகும் குழாய்களும் கோணல்மாணலாக, கசியும் சுவர்களோடு அமைகின்றன. குழாய்க்கு எட்டாத செல்கள் முதலில் மூச்சுத் திணறுகின்றன, பிறகு மடிகின்றன. மடிந்த பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்கு விரிகின்றன. அப்போது அவை வோக்சலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. மாடியிலிருந்து வயலைப் பார்ப்பவருக்குத் தனிக் கதிர் தெரியாவிட்டாலும், தண்ணீர் பாயாத பகுதி மஞ்சளித்திருப்பது தெரிவதைப் போன்றது இது.

ஆகவே இழையமைப்பு காட்டக்கூடியது, மில்லிமீட்டர் அளவில் திசுக்கள் எப்படி அமைந்துள்ளன என்பதை மட்டுமே. செல்லுக்குள் நடக்கும் மாற்றம் ஒன்று அந்த அளவுக்குத் தன் தடத்தைப் பதிக்காவிட்டால், எவ்வளவு நுட்பமான கணக்கீடும் அதைப் படத்திலிருந்து வெளிக்கொணர முடியாது.

எந்தத் தோற்றத்துக்குப் பின்னால் எந்த உயிரியல் நிகழ்வு இருக்கிறது?

ஸ்கேனின் வகையைப் பொறுத்து விடை மாறும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.யில் வெளிச்சமான பகுதிகள் ரத்த ஓட்டத்தையும் குழாய்ச் சுவரின் கசிவையும் காட்டுகின்றன. மருந்து போய்ச் சேராத கருத்த தீவுகள் பெரும்பாலும் மடிந்த திசுவாகவோ நீர் தேங்கிய இடமாகவோ இருக்கும். பரவல் சார்ந்த எம்.ஆர்.ஐ. படத்தில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தடையின்றி நகர்கின்றன என்பது அளக்கப்படுகிறது. செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் இடத்தில் அந்த நகர்வு குறையும். குளுக்கோஸைப் போன்ற கதிரியக்கப் பொருளான எஃப்.டி.ஜி.யைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் உள்வாங்கப்படும் அளவு தெரிகிறது.

உயிரியலும் படமும் இடைவெளியின்றி இணைந்த எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கிளியர் செல் சிறுநீரகப் புற்றுநோயைச் சொல்லலாம். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். என்ற மரபணு செயலிழந்திருக்கிறது. அது செயல்பட்டால் சிதைந்துபோக வேண்டிய எச்.ஐ.எஃப். புரதங்கள் இப்போது சிதையாமல் தேங்குகின்றன. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும், இல்லை என்பதுபோல அவை செயல்பட்டு, ரத்தக் குழாய்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். என்ற பொருளைப் பெருமளவில் சுரக்கச் செய்கின்றன. கட்டி முழுவதும் குழாய்கள் மண்டுகின்றன. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய சில நொடிகளில், தமனிக் கட்டத்தில், கட்டி பளிச்சென்று ஒளிர்கிறது. நடுநடுவே மடிந்த பகுதிகள் கருமையாக நிற்கின்றன. மரபணு, புரதம், குழாய், படம் என்ற நான்கு கண்ணிகளும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டவை. மற்றக் கூற்றுகள் ஒவ்வொன்றையும் இந்த எடுத்துக்காட்டின் அருகில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. எத்தனை கண்ணிகள் இல்லை என்பது உடனே புலப்படும்.

மரபணு மாற்றத்தை ஸ்கேனிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

சில இடங்களில், ஓரளவுக்கு முடியும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரல் புற்றுநோயின் சி.டி. படங்களில் மருத்துவர்கள் கண்ணால் குறித்த 28 தோற்றக் கூறுகளைச் சேர்த்துப் பார்த்தால், மரபணு வெளிப்பாட்டின், அதாவது எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்ற விவரத்தின், 78 விழுக்காட்டை மீட்டுருவாக்க முடிகிறது என்று காட்டியது. படத்தின் தோற்றத்தை மரபணுக்களோடு இணைத்துப் பார்க்கும் ரேடியோஜெனோமிக்ஸ் என்ற துறைக்கு ஊக்கம் தந்த ஆய்வுகளில் அது ஒன்று.

மூளைக் கட்டிகளில் இன்னும் தெளிவான அடையாளம் ஒன்று இருக்கிறது. டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி முழுவதும் சீராக வெளிறித் தெரிந்து, ஃபிளேர் வகைப் படத்தில் அதே கட்டியின் உட்பகுதி கருத்து விளிம்பு மட்டும் வெளிறியிருந்தால், அது ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டி வகையாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். திசுவில் நிறைந்திருக்கும் நுண்ணிய நீர்ப்பைகளோடு இந்தத் தோற்றம் தொடர்புபடுத்தப்படுகிறது. ஆனாலும் இந்த அடையாளம் இல்லாத கட்டியில் மரபணு மாற்றமும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. மாற்றமுள்ள கட்டிகளில் பலவும் இதைக் காட்டுவதில்லை.

நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் மங்கிய கண்ணாடி போன்ற நிழலுக்கும் தொடர்பு பேசப்படுகிறது. காற்றுப்பைகளின் சுவரை ஒட்டியே பரவும் வளர்ச்சி முறை அந்த நிழலைத் தருகிறது; அந்த வளர்ச்சி முறையுள்ள கட்டிகளில் இந்த மரபணு மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதாவது படம் மரபணுவை நேராகக் காட்டவில்லை. திசு வளரும் முறையைக் காட்டுகிறது, அதன் வழியாக மரபணுவை ஊகிக்கிறோம். ஒருவருக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க இந்த ஊகம் போதாது.

இழையமைப்பைக் கொண்டு ஆயுளைக் கணிக்கலாம் என்ற ஆய்வுகள் உண்மைதானா?

இந்தத் துறையில் மிகப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2014இல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோயும் தலை, கழுத்துப் புற்றுநோயும் உள்ள 1019 நோயாளிகளின் சி.டி. படங்களிலிருந்து 440 அளவுகளைக் கணக்கிட்டு, அவற்றுள் நான்கைத் தேர்ந்து, அவற்றைச் சேர்த்துக் கணிக்கும் ‘கையொப்பம்’ ஒன்றை அது உருவாக்கியது. அந்தக் கையொப்பம் நோயாளிகள் பிழைத்திருக்கும் காலத்தோடு தொடர்பு காட்டியது. செல் பெருக்கத்தோடு தொடர்புள்ள மரபணுத் தொகுதிகளோடும் இணைந்து போனது. கட்டியின் உட்சீரற்ற தன்மையைப் படம் படித்துவிட்டது என்றே பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள்.

2019இல் மற்றொரு குழு அதே கையொப்பத்தை எடுத்துச் சோதித்தது. கட்டிக்குள் இருக்கும் வோக்சல்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டு, இழையமைப்பே இல்லாமல் ஆக்கிய பிறகும் கணிப்புத் திறன் குறையவில்லை. அந்தக் கையொப்பம் பெரும்பாலும் அளந்துகொண்டிருந்தது கட்டியின் கன அளவைத்தான். பெரிய கட்டி உள்ளவர்களுக்கு நோய் முற்றியிருக்கும் என்பதை அறிய 440 அளவுகள் தேவையில்லை.

இதனால் முதல் ஆய்வு வீண் என்று நான் சொல்ல வரவில்லை; தன் தரவை வெளியிட்டதால்தான் இரண்டாவது ஆய்வே நடக்க முடிந்தது. ஆனால் அதன்பிறகு வரும் எந்த ஆய்வறிக்கையிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: கன அளவை மட்டும் வைத்துச் செய்த கணிப்பைவிட இழையமைப்பு சேர்ந்த கணிப்பு எவ்வளவு மேம்பட்டது? அந்த ஒப்பீடு இல்லாத அறிக்கையைக் கீழே வைத்துவிடலாம்.

படம் சீரற்றிருந்தால் கட்டி மரபணு அளவிலும் சீரற்றது என்று பொருளா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் வழுக்கல். சிறுநீரகக் கட்டிகளின் பல பகுதிகளிலிருந்து திசு எடுத்து மரபணு வரிசையைப் படித்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், மரபணு மாற்றங்களில் 63 முதல் 69 விழுக்காடு எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை. ஒரே கட்டிக்குள் வெவ்வேறு மரபணு மாற்றங்களைக் கொண்ட பல செல் கிளைகள் வாழ்கின்றன என்பது அதிலிருந்து உறுதிப்பட்டது. ஆனால் இரண்டு கிளைகள் ஒரே அளவு குழாய்களோடும் ஒரே செல் நெருக்கத்தோடும் வளர்ந்தால், ஸ்கேனில் அவை ஒன்றாகவே தெரியும். மறுபுறம், ஒரே கிளையின் செல்கள், குழாய்க்கு அருகில் செழித்தும் தொலைவில் மடிந்தும் இருந்தால் படம் மிகவும் சீரற்றுத் தோன்றும்.

இதற்கு ஒரு நல்ல மாற்று, கட்டி முழுவதற்கும் ஒரே எண்ணைத் தராமல், ரத்த ஓட்டம், செல் நெருக்கம் போன்றவற்றில் ஒத்த வோக்சல்களைத் தொகுத்துக் கட்டியை வாழிடங்களாகப் பிரிப்பது. ரத்த ஓட்டம் குறைவாகவும் செல் நெருக்கம் அதிகமாகவும் உள்ள வாழிடம் ஒன்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால், ஆக்சிஜன் பற்றாக்குறையிலும் உயிரோடிருக்கும் செல்கள் அங்கே இருக்கலாம் என்ற சோதிக்கத்தக்க கருதுகோள் கிடைக்கிறது. திசு எடுக்க ஊசியை எங்கே செலுத்துவது என்பதற்கும் அது வழி காட்டும். கட்டி முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்ட என்ட்ரோப்பி இவற்றில் எதையும் தருவதில்லை.

ஒரே கட்டியை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் அதே எண்கள் வருமா?

சில அளவுகளுக்கு வரும், பலவற்றுக்கு வராது. நுரையீரல் புற்றுநோயாளிகள் 32 பேரை ஏறத்தாழ 15 நிமிட இடைவெளியில் இரண்டு முறை சி.டி. எடுத்த தரவுத் தொகுப்பு ஒன்று பொதுவில் கிடைக்கிறது. பதினைந்து நிமிடத்தில் கட்டியின் உயிரியல் மாறியிருக்காது. ஆகவே எண் மாறினால் அந்த மாற்றம் மூச்சு, உடல் கிடந்த விதம், படத்தின் இரைச்சல் ஆகியவற்றிலிருந்து வந்தது. அப்படி அலையும் அளவுகளை முதலிலேயே விலக்கிவிடுவது முறை.

கருவி மாறும்போது சிக்கல் பெருகுகிறது. துண்டின் தடிமன், படத்தை மீளமைக்கப் பயன்படும் வடிப்பான், கதிர்வீச்சின் அளவு, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபின் காத்திருந்த நேரம் ஆகிய ஒவ்வொன்றும் இழையமைப்பை மாற்றும். வழுவழுப்பாக்கும் வடிப்பான் ஒன்றைத் தேர்ந்தாலே என்ட்ரோப்பி இறங்கிவிடும். எம்.ஆர்.ஐ.யில் இதற்கும் மேலே ஒரு தொல்லை உண்டு: வழக்கமான டி1, டி2 படங்களில் வோக்சலின் எண்ணுக்கு நிலையான அலகு கிடையாது; இரண்டு கருவிகளின் எண்களை ஒப்பிடும் முன் அவற்றைச் சமன்படுத்தியாக வேண்டும்.

கணக்கீட்டுப் பக்கத்தில் நிலைமை இப்போது தேவலை. 25 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து நடத்திய படவழி உயிர்க்குறிகளைத் தரப்படுத்தும் முயற்சி, 174 அளவுகளை எடுத்துக்கொண்டு அவற்றுள் 169க்கு வரையறையையும் சரிபார்ப்பு மதிப்பையும் 2020இல் வெளியிட்டது. அதனால் ஒரே படத்தை இரண்டு மென்பொருள்களுக்குக் கொடுத்தால் ஒரே விடை வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடிகிறது. மருத்துவமனைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைக்க, மரபணு ஆய்வுகளுக்காக 2007இல் உருவான காம்பேட் என்ற புள்ளியியல் முறையையும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு மருத்துவமனையில் முற்றிய நோயாளிகளும் மற்றொன்றில் தொடக்கநிலை நோயாளிகளும் மிகுந்திருந்தால், கருவி வேறுபாட்டோடு உண்மையான உயிரியல் வேறுபாட்டையும் அது துடைத்துவிடக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

கட்டியின் எல்லையை வரைபவர் மாறினால்?

எண்கள் மாறும், குறிப்பாக விளிம்பைச் சார்ந்த அளவுகள். குறைந்தது இருவர் தனித்தனியே வரைந்து, இருவரின் கோட்டிலும் நிலையாக நிற்கும் அளவுகளை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம்.

நூறு நோயாளிகள், ஆயிரம் அளவுகள்: இது போதுமா?

போதாது. உயிரியலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரம் அளவுகளை 0.05 என்ற புள்ளியியல் வரம்பில் (நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகத் தவற இடம் தரும் வரம்பில்) சோதித்தால், தற்செயலாகவே ஏறத்தாழ 50 அளவுகள் ‘குறிப்பிடத்தக்கவை’ என்று வந்து நிற்கும். அவற்றுக்கு எதிரே இருபதாயிரம் மரபணுக்களையும் நிறுத்தினால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய அளவுகளை முதலில் தொகுத்துக் குறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம், எதையும் மாற்றாமல், அதே கணிப்பு மாதிரியைச் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் உயிரியல் தொடர்பை நிறுவுவது எப்படி?

படத்துக்குப் பக்கத்தில் திசுவை வைக்க வேண்டும். அட்டவணையில் ஒரு பத்தியோடு மற்றொரு பத்தி இணைந்து போகிறது என்பது தொடக்கம் மட்டுமே. கட்டியின் இந்த இடத்தில் படம் இப்படி இருக்கிறது, அதே இடத்தின் திசு நுண்ணோக்கியில் இப்படி இருக்கிறது என்று காட்டும்போதுதான் தொடர்பு என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது.

புராஸ்டேட் புற்றுநோயில் இது நன்றாகவே நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு அந்தச் சுரப்பியின் வடிவத்துக்கே பொருந்தும் அச்சு ஒன்றை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தயாரிக்கிறார்கள். அகற்றிய சுரப்பியை அந்த அச்சில் பொருத்தி, ஸ்கேன் துண்டுகள் அமைந்த அதே தளங்களில் வெட்டுகிறார்கள். பிறகு நோய்க்குறியியல் மருத்துவர் குறிக்கும் ஒவ்வொரு பகுதியையும் படத்தின் வோக்சல்களோடு பொருத்திப் பார்க்க முடிகிறது. திசு பதப்படுத்தும்போது சுருங்குவதால் பொருத்தம் முற்றிலும் துல்லியமாக அமையாது. இருந்தாலும் ‘கட்டியிலிருந்து எங்கோ எடுத்த ஒரு துணுக்கு’ என்ற நிலையைவிட இது வெகுதூரம் முன்னேறியது.

இரண்டாவது வழி விலங்கு மாதிரிகள். எலியில் வளர்த்த கட்டியில் ஒரே ஒரு மரபணுவை இயக்கியோ, ரத்தக் குழாய் வளர்ச்சியை மருந்தால் தடுத்தோ, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யலாம். மனித ஆய்வுகள் பெரும்பாலும் இணைவை மட்டும் காட்ட, இங்கே காரணத்தையே சோதிக்க முடிகிறது. மூன்றாவது வழி, அறுவைக்கு முன்பே படத்தில் வேறுபட்டுத் தோன்றும் இடங்களைக் குறித்துவைத்து, அந்தந்த இடத்திலிருந்து தனித்தனியே திசு எடுப்பது.

மரபணு வெளிப்பாட்டோடு மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளில், தனி மரபணுக்களைவிட மரபணுத் தொகுதிகளை ஒப்பிடுபவை கூடுதல் நம்பிக்கை தருகின்றன. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: செல் பெருக்கம், நோயெதிர்ப்பு ஆகிய தொகுதிகள் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் தலைகாட்டுகின்றன. எதைத் தேடினாலும் கிடைக்கும் விடையை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு இது உதவுமா?

கட்டிக்குள் சி.டி.8 வகை டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் (இந்தப் பெயருக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் தொடர்பில்லை) எவ்வளவு ஊடுருவியுள்ளன என்பதை கான்ட்ராஸ்ட் சி.டி. படத்திலிருந்து மதிப்பிட முயன்ற ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. அந்த மதிப்பீடு, நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்றவர்களின் பிழைப்புக் காலத்தோடும் தொடர்பு காட்டியது. உடலில் பல இடங்களில் கட்டி இருக்கும்போது எல்லா இடத்திலும் ஊசி செலுத்த முடியாது என்பதால் இந்த வழி கவர்ச்சியானது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் கருவியாக அதை ஏற்க, நோயாளிகளை முன்கூட்டியே சேர்த்து நடத்தும் ஆய்வுகள் தேவை.

ஆழ்கற்றல் வந்த பிறகு ஹராலிக் அளவுகள் தேவையா?

ஆழ்கற்றலில் பயன்படும் கணினி நரம்பு வலையமைப்புகள் படத்திலிருந்து தாமாகவே கூறுகளைக் கற்றுக்கொள்கின்றன. தரவு மிகுதியாக இருந்தால் கணிப்பில் முந்தவும் செய்கின்றன. ஆனால் கருவியின் அடையாளத்தையும் அவை அதே ஆர்வத்தோடு கற்றுக்கொள்கின்றன. நோயாளிகள் சில நூறு பேர் மட்டுமே இருக்கும் இடத்தில், வரையறை தெரிந்த அளவுகளையே நான் முதலில் கையில் எடுப்பேன். தவறினால் எங்கே தவறியது என்றாவது தெரியும்.

திசுப் பரிசோதனைக்குப் பதிலாக ஸ்கேன் மட்டும் போதும் என்ற நாள் வருமா?

பயாப்ஸிக்கும் ஸ்கேனுக்கும் வேலை வேறு வேறு. பயாப்ஸி கட்டியின் மிகச் சிறிய பகுதியைத் தருகிறது. ஆனால் அந்தப் பகுதியில் செல்லின் வகை, புரதம், மரபணு எல்லாவற்றையும் பார்க்க முடியும். ஸ்கேன் உடலின் எல்லாக் கட்டிகளையும், வலியின்றி, மாதக்கணக்கில் தொடர்ந்து காட்டுகிறது. செல்லின் அளவுக்குப் போக முடியாது. உங்கள் ஸ்கேன் அறிக்கையில் ‘சீரற்ற தோற்றம்’ என்று எழுதியிருந்தால், அந்தச் சொல்லை மட்டும் வைத்து நோயின் கொடுமையை எடைபோட வேண்டாம். தீங்கற்ற கட்டிகளிலும் ரத்தக்கசிவு, சுண்ணாம்புப் படிவு, கொழுப்பு ஆகியவற்றால் அதே தோற்றம் வருவதுண்டு. திசு அறிக்கையையும் சேர்த்து மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் இதைச் செய்து பார்க்க விரும்புகிறேன், எங்கே தொடங்கலாம்?

புற்றுநோய்ப் படக் காப்பகம் என்ற பொதுத் தளத்தில் அடையாளம் நீக்கிய ஸ்கேன் தொகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு இணையான மரபணுத் தரவும் உண்டு. கணக்கிடுவதற்கு 2017இல் வெளியான பைரேடியோமிக்ஸ் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. அதில் மதிப்புகளைப் படிகளாகச் சுருக்கும் அகலம் இயல்பாகவே 25 என்று வைக்கப்பட்டிருக்கும், சி.டி.க்குப் பொருந்தும் அந்த எண் எம்.ஆர்.ஐ.க்கும் பெட்டுக்கும் அப்படியே பொருந்தாது. முதல் பயிற்சியாக, மேலே சொன்ன 32 நோயாளிகளின் இரட்டை ஸ்கேன்களை எடுத்து, எந்தெந்த அளவுகள் நிலையாக நிற்கின்றன என்று பாருங்கள். அடுத்து அதே அளவுகளைக் கட்டியின் கன அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் தப்பிப் பிழைத்த அளவுகளை மட்டும் மரபணுத் தரவோடு சேர்த்துப் பார்க்கலாம்.